மெட்ஃபோர்மினை நிறுத்திவிட்டு மஞ்சள் கெப்சியூலா?

கேள்வி: வயது 47. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் (பிள்ளைகள் காப்பகத்தில்) வேலை. ஆறு வருடமாகச் சீனி வியாதி. ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு என்றார்கள். மெட்ஃபோர்மின் ஈரலைக் கெடுக்கும் என்று யூடியூபில் பார்த்து, இரண்டு மாதமாக நிறுத்திவிட்டேன். மகன் கொழும்பிலிருந்து அனுப்பும் மஞ்சள் கெப்சியூல்தான் குடிக்கிறேன். கழுத்து கறுக்கிறது, முடி கொட்டுகிறது, வயிறு ஊதுகிறது. அப்பா சாராயத்தைத் தொட்டதே இல்லை. ஆனாலும் வயிற்றில் நீர் கட்டித்தான் இறந்தார்.
- வாசகி, பொகவந்தலாவை

பதில்: அப்பாவுக்கு வந்தது எனக்கும் வருமா என்றுதானே கேட்கிறீர்கள்? குடிக்காதவருக்கும் ஈரல் சுருங்கி வயிற்றில் நீர் கட்டலாம் அம்மா. சீனியும் தொந்தியும் பல வருடம் சேர்ந்திருந்தால் முதலில் கொழுப்பு, அப்புறம் அழற்சி, அப்புறம் தழும்பு. உங்கள் அப்பாவுக்கும் அதுதான் என்று ஒரு கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் ஈரலில் கொழுப்பு உள்ளவர்களில் பெரும்பாலோர் அந்தக் கடைசிக் கட்டம் வரை போவதில்லை. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று பார்க்க உங்கள் வயதும், இரத்தத்தில் பார்க்கும் ஏஎஸ்டி, ஏஎல்டி (இரண்டும் ஈரல் நொதிகள்), பிளேட்லெட் (இரத்தத் தட்டு) அளவுகளும் போதும். இவற்றை வைத்து ஃபிப்-4 என்று ஒரு கணக்கு உண்டு. 1.3க்குக் கீழே வந்தால் பெரிய தழும்புக்கு வாய்ப்புக் குறைவு. மேலே வந்தால் இன்னொரு பரிசோதனை வேண்டும், அவ்வளவுதான். ஏஎல்டி மட்டும் சரியாக இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

மெட்ஃபோர்மின் உங்கள் ஈரலைத் தின்னவில்லை. கட்டுக்கடங்காத சீனிதான் தின்னும். மூலிகைதான் வேண்டும் என்றால், அந்த மாத்திரையின் பூர்வீகமே ஐரோப்பாவில் சீனி வியாதிக்குக் கொடுத்துவந்த ஒரு செடிதான். அதிலிருந்த பொருளைப் பின்பற்றி, நஞ்சு குறைவாகச் செய்யப்பட்டது மெட்ஃபோர்மின். 1957 முதல் சீனி வியாதிக்குப் பாவனையில் இருக்கிறது. யூடியூப்காரர் இதை ஏனோ சொல்வதில்லை.

இப்போது எனக்குப் பயம் தருவது அந்தக் கெப்சியூல்தான். கறியில் போடும் மஞ்சளை நான் குறை சொல்லவில்லை, தாராளமாகப் போடுங்கள். கெப்சியூலில் இருப்பது செறிவான சாறு. உடம்பில் நன்றாக ஏறட்டும் என்று பலவற்றில் மிளகுச் சத்தையும் சேர்க்கிறார்கள். ஈரலைக் காக்கும் என்று விற்கப்படும் இதுவே சிலருடைய ஈரலைத் தாக்கியிருக்கிறது. அமெரிக்காவில் ஓர் ஆய்வில் இப்படிப் பதிவான 10 பேரில் 5 பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள், ஒருவர் இறந்தார். அரிதுதான். ஆனால் யாருக்கு வரும் என்று வீட்டில் இருந்து கண்டுபிடிக்க முடியாது. பெரும்பாலும் தொடங்கிய சில மாதங்களுக்குள் வரும்; நீங்கள் இப்போது அந்தக் காலத்தில்தான் இருக்கிறீர்கள்.

ஆகவே கெப்சியூலை இன்றே நிறுத்துங்கள். தண்ணீர் போதிய அளவு குடித்தும் சிறுநீர் பிளேன்டீ (பால் விடாத தேத்தண்ணி) நிறத்தில் போனால், கண் வெள்ளை மஞ்சளானால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வேலை முடியட்டும், சம்பள நாள் வரட்டும் என்று தள்ளக் கூடாது. சாப்பாடு வெறுத்துப்போவது, உடம்பெல்லாம் அரிப்பது இவையும் கூடவே வரலாம். கெப்சியூல் போத்தலைக் கையோடு கொண்டுபோங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று டொக்டர் பார்க்க வேண்டும்.

கழுத்துக் கறுப்பு, உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். தேய்த்துக் கழுவிப் போகாது, அதனால் ஆபத்தும் இல்லை. முடி கொட்டுவது பெரும்பாலும் ஈரல் கொழுப்பால் அல்ல. வயிறு ஊதுவது சாப்பிட்ட பின் வந்து போகிறதென்றால் வாயு. நாளுக்கு நாள் பெருத்தாலோ, கால் வீங்கினாலோ உடனே காட்டுங்கள்.

அடுத்த மாதக் கிளினிக் வரை காத்திருக்காமல் இந்த வாரமே போங்கள். மாத்திரையை நிறுத்தியதை மறைக்காதீர்கள். மறைத்தால், கூடியிருக்கும் சீனியைப் பார்த்து இன்னும் பலமான மருந்தை எழுதிவிடுவார்கள். உடல் பருமன் இருந்தால், எடையில் நூற்றுக்கு 7 முதல் 10 பங்கு குறைந்தாலே ஈரல் கொழுப்பு நன்றாக இறங்கும். தேத்தண்ணியில் போடும் சீனியிலிருந்து தொடங்குங்கள். கொழும்பு மகனிடம் அடுத்த முறை கெப்சியூலுக்குப் பதில் வீட்டில் சீனி பார்க்கும் குளுக்கோமீட்டர் பட்டி அனுப்பச் சொல்லுங்கள்.