பொட்டு வைத்த ரிமோட்: வீட்டுச் சாதனங்கள் பற்றிய கேள்வி பதில்

மதுரையில் டிவி, வாஷிங் மெஷின், ஏசி சர்வீஸ் வேலை பார்க்கிறேன். தொழிலுக்கு வந்து 30 வருடம் தாண்டிவிட்டது. வேலை பழகிய காலத்தில் சாலிடேர், டயனோரா பெட்டிகள் கடைக்கு வரும். உள்ளே ஏதாவது கருகியிருக்கும், இல்லாவிட்டால் சால்டரிங் விட்டிருக்கும், சரிசெய்தால் ஓடும். இப்போது என்னைக் கூப்பிடுகிற பல வீடுகளில் சாமான் நன்றாகத்தான் இருக்கிறது. யாரோ ஒரு பட்டனை மாற்றி அழுத்திவிட்டார்கள், திரும்பி வர வழி தெரியவில்லை, அவ்வளவுதான். அதற்குப் போய் விசிட்டிங் சார்ஜ் வாங்க மனசு வருவதில்லை. அதனால்தான் கேள்விகளை அனுப்பச் சொன்னேன்.

பேரன் யூடியூப் பார்த்துவிட்டுப் போனால் அப்புறம் எனக்கு சேனல் எதுவும் வருவதில்லை. ‘சிக்னல் இல்லை’ என்று நிற்கிறது. ரிமோட் இரண்டு இருக்கிறது, எதை அழுத்தினாலும் வேறு எங்கோ போகிறது. எனக்கு வயது 71. இதெல்லாம் என்னால் கற்றுக்கொள்ள முடியுமா? (ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்)

தாராளமாக முடியும் டீச்சர். நாற்பது ஐம்பது பட்டன் உள்ள ஒரு ரிமோட்டும், அதற்குப் பக்கத்தில் இன்னொரு ரிமோட்டும் கொடுத்தால் யாருக்கும் குழம்பும். என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டால் பயம் போய்விடும்.

உங்கள் டிவிக்குப் பின்னால் நாலைந்து வாசல்கள் இருக்கின்றன. செட்டாப் பாக்ஸின் வயர் அதில் ஒரு வாசலில், பெரும்பாலும் எச்டிஎம்ஐ 1 என்பதில், செருகியிருக்கும். பேரன் அங்கிருந்து டிவியை யூடியூப்புக்கு மாற்றிப் பார்த்தான். திரும்ப மாற்றும்போது பக்கத்து வாசலில் விட்டுவிட்டுப் போயிருப்பான். அங்கே ஒன்றும் செருகவில்லை, அதனால்தான் ‘சிக்னல் இல்லை’. உங்கள் பாக்ஸ் தன் வாசலில் படத்தை அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறது.

டிவி ரிமோட்டை எடுங்கள், பாக்ஸ் ரிமோட் வேண்டாம். அதில் ‘சோர்ஸ்’ அல்லது ‘இன்புட்’ என்று இருக்கும். எழுத்து இல்லாவிட்டால் ஒரு கட்டத்துக்குள் அம்புக்குறி நுழைகிற படம். அதை அழுத்தினால் வாசல்களின் பட்டியல் வரும். எச்டிஎம்ஐ 1-க்கு நகர்ந்து நடுவில் உள்ள ஓகே. மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர் போட்ட பழைய பாக்ஸ் என்றால் ‘ஏவி’.

சிம்மக்கல்லில் ஒரு வீட்டுக்கு இதே வேலைக்கு மூன்று தடவை போனேன். மூன்றாம் தடவை அந்த அம்மா எழுந்து போய்க் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டுகளை எடுத்துவந்தார். ஆன் பண்ணுகிற பட்டனுக்கு ஒரு சிவப்புப் பொட்டு, சோர்ஸுக்கு ஒரு கறுப்புப் பொட்டு, ஓகேக்கு நடுவில் கல் வைத்த பொட்டு. கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவி மூன்றையும் சொன்னார். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து எனக்கு அழைப்பு வரவில்லை. இப்போது என் டூல்ஸ் பையில் ஒரு அட்டைப் பொட்டு எப்போதும் இருக்கிறது.

அடுத்த தடவை பேரன் வரும்போது ஒரு வேலை கொடுங்கள். டிவி ஆன் ஆனதும் கடைசியாகப் பார்த்த வாசலுக்கோ நீங்கள் சொல்கிற வாசலுக்கோ நேராகப் போகும்படி வைக்கிற வசதி பல டிவிகளில் உண்டு. அதை செட்டிங்ஸில் தேடி வைத்துத் தரட்டும்.

அம்மாவின் போன் நேற்றிலிருந்து தானாகப் பேசுகிறது. எதைத் தொட்டாலும் அதன் பெயரை வாசிக்கிறது, ஆனால் திறக்க மாட்டேன் என்கிறது. போன் வந்தால் எடுக்கக்கூட முடியவில்லை. ஹேக் பண்ணிவிட்டார்களா? (மளிகைக் கடைக்காரர், திண்டுக்கல்)

ஹேக் இல்லை அண்ணாச்சி. அது ‘டாக்பேக்’. பார்வை இல்லாதவர்கள் போனைப் பயன்படுத்துவதற்காக ஆண்ட்ராய்டில் வைத்திருக்கிற வசதி. அவர்களுக்கு அது கண் மாதிரி. பல போன்களில் சத்தத்தைக் கூட்டுகிற, குறைக்கிற பட்டன் இரண்டையும் சேர்த்து மூன்று விநாடி பிடித்தால் இது ஆன் ஆகும். இந்தக் குறுக்குவழிக்கு ‘ஷார்ட்கட்’ என்று பெயர்; அதை முன்பே யாராவது தெரியாமல் திறந்து வைத்திருக்கலாம். போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினாலே போதும்.

அதே இரண்டு பட்டனையும் மறுபடி மூன்று விநாடி பிடித்தால் பெரும்பாலும் அணைந்துவிடும். அணையாவிட்டால் செட்டிங்ஸுக்குள் போக வேண்டும், அங்கேதான் எல்லோரும் திணறுகிறார்கள். டாக்பேக் ஓடும்போது ஒரு தடவை தொட்டால் வாசிக்கும்; உடனே இரண்டு தடவை தட்டினால்தான் திறக்கும். பக்கத்தை நகர்த்த ஒரு விரல் போதாது, இரண்டு விரலைச் சேர்த்து வைத்துத் தள்ள வேண்டும். போன் வந்தால் பச்சையை ஒரு தடவை தொட்டுவிட்டு, எங்கே வேண்டுமானாலும் இரண்டு தட்டு. இப்படியே செட்டிங்ஸ், ‘ஆக்சஸிபிலிட்டி’ (தமிழில் வைத்திருந்தால் ‘அணுகல்தன்மை’ அல்லது ‘மாற்றுத்திறன் வசதி’), டாக்பேக் என்று போய் அணையுங்கள். அந்தப் பக்கத்திலேயே ஷார்ட்கட்டையும் எடுத்துவிட்டால் மறுபடி வராது.

இதற்காக போனை மொத்தமாக ரீசெட் அடித்துப் படங்களையெல்லாம் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பத்து வருடத்துக் குடும்பப் படம் போனபின் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாது. ரீசெட் என்று யார் சொன்னாலும் அன்று ராத்திரி ஒரு முறை யோசியுங்கள்.

முன்பக்கம் கதவு உள்ள வாஷிங் மெஷின். 14 புரோகிராம் இருக்கிறது, எது போட்டாலும் மூன்று மணி நேரம் காட்டுகிறது. சில நாள் ‘ஐ.ஈ.’ என்று காட்டி நின்றுவிடுகிறது. (திருப்பூர்)

14-ல் நமக்கு வேண்டியது இரண்டோ மூன்றோதான். காட்டன் என்பது தண்ணீரைச் சூடாக்கி, நிறைய நேரம் ஊறவைத்து அலசுகிற கணக்கு, அதனால்தான் அவ்வளவு நேரம். வேலைக்குப் போய்வந்த, அழுக்கு அதிகமில்லாத துணிக்கு ‘குயிக்’ போதும், ஆனால் அதில் பாதி டிரம்முக்கு மேல் போடாதீர்கள். போர்வை, வேட்டி, பள்ளிச் சீருடைக்கு மட்டும் காட்டன்.

ஐ.ஈ. என்பது தண்ணீர் போதுமான அளவு உள்ளே வரவில்லை என்ற தகவல். நம் ஊரில் இதற்குக் காரணம் பெரும்பாலும் போர் தண்ணீர்தான். மெஷினுக்குப் பின்னால் குழாய் சேரும் இடத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் வலை இருக்கும். பிளக்கைப் பிடுங்கி, டேப்பை மூடி, குழாயைக் கழற்றி அந்த வலையைக் குறடால் மெதுவாக இழுங்கள். வெள்ளையாக உப்பும் மணலும் படிந்திருக்கும். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி மாட்டினால் தண்ணீர் பாயும். தொட்டி மெஷினுக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கிறது என்றால் பிரஷர் போதாது, அதற்கு ஒரு சின்ன பிரஷர் பம்ப் தேவைப்படும்.

‘சி.எல்.’ என்று காட்டினால் சைல்டு லாக். பூட்டுப் படமோ குழந்தை முகமோ உள்ள பட்டனை மூன்று விநாடி அழுத்திப் பிடியுங்கள். துவைத்து முடிந்ததும் கதவு திறக்கவில்லை என்று இழுக்காதீர்கள், பூட்டு விடுவதற்கு ஒன்றிரண்டு நிமிடம் எடுக்கும். கைப்பிடி உடைந்து வருகிற மெஷின்கள் எல்லாம் அந்த இரண்டு நிமிடத்தில் உடைந்தவை.

புது டிவியில் சினிமா பார்த்தால் சீரியல் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. (சேலம்)

சினிமா விநாடிக்கு 24 பிரேமில், அதாவது 24 தனித்தனிப் படங்களாக, எடுக்கப்படுகிறது. டிவி இடையிடையே தானாகப் படங்களைச் செய்து நுழைக்கிறது. எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ் என்று பெயர். படத்துக்கான செட்டிங்ஸில் அதை அணைத்துவிடுங்கள்.

ஏசி ஆன் பண்ணினால் காற்று மட்டும் வருகிறது, குளிர் இல்லை. கேஸ் நிரப்ப வேண்டும் என்கிறார்கள். (விருதுநகர்)

பணம் கொடுக்குமுன் ரிமோட்டைப் பாருங்கள் ஐயா. நட்சத்திரம் மாதிரி பனிப்பூப் படம் இருந்தால்தான் குளிர். விசிறிப் படம் என்றால் வெறும் காற்று, நீர்த்துளிப் படம் என்றால் ஈரத்தை மட்டும் எடுக்கும். ‘மோடு’ பட்டனை ஒவ்வொன்றாக அழுத்தி நட்சத்திரத்துக்கு வாருங்கள். பிறகு மூன்று நிமிடம் எதையும் தொடாதீர்கள். கரண்ட் போய் வந்தால் கம்ப்ரசர் ஏறக்குறைய அவ்வளவு நேரம் பொறுத்துத்தான் ஓடும், அதைப் பாதுகாக்கிற ஏற்பாடு அது. பத்து நிமிடம் கழித்தும் குளிரவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். 2020 ஜனவரி முதல் ஸ்டார் முத்திரை உள்ள அறை ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது அரசு விதி. அது பழுது இல்லை.

அப்பா அம்மாவுக்கு ஸ்மார்ட் டிவி, ஸ்மார்ட் பல்ப், வாய்ஸ் ஸ்பீக்கர் எல்லாம் வாங்கிப் போட்டேன். எதையும் தொடுவதில்லை. வீடியோ காலில் சொல்லிக்கொடுத்தாலும் மறந்துவிடுகிறார்கள். (சிங்கப்பூர்)

தம்பி, உங்கள் அன்பு எனக்குப் புரிகிறது. ஆனால் உங்களுடையதைப் போன்ற வீடுகளுக்குத்தான் நான் அடிக்கடி போகிறேன். சுவரில் உள்ள சுவிட்சை யாராவது அணைத்துவிட்டால் ஸ்மார்ட் பல்புக்குக் கரண்டே கிடையாது, போனில் எத்தனை தடவை தட்டினாலும் எரியாது. ஒரு வீட்டில் பெரியவர் பாத்ரூமுக்குப் போகும் வழியில் டார்ச் அடித்துக்கொண்டு நடந்தார். கூடத்திலும் பாத்ரூம் வழியிலும் சாதாரண எல்இடி பல்பை மாட்டச் சொல்லுங்கள். ஆசைக்கு ஒரு அறையில் மட்டும் ஸ்மார்ட் பல்ப் இருக்கட்டும்.

சொல்லிக்கொடுக்கும்போது ஊருக்கு வந்திருந்தால் ரிமோட்டை அவர்கள் கையிலிருந்து வாங்காதீர்கள். நீங்கள் வாங்கி டக் டக்கென்று நாலு பட்டன் அழுத்திக் காட்டினால் அவர்கள் பார்ப்பது உங்கள் விரலின் வேகத்தை மட்டும்தான். ரிமோட் அப்பா கையில், அப்பா விரல் பட்டன் மேல். தப்பாக அழுத்தட்டும், அங்கிருந்து எப்படித் திரும்புவது என்பதை அவரே செய்யட்டும். ஒரு நாளைக்கு ஒரு வேலை மட்டும். வீடியோ காலில் என்றால் “திரையில் என்ன தெரிகிறது, வாசிங்கப்பா” என்று கேளுங்கள். போனைத் தமிழுக்கு மாற்றலாமா என்று அவர்களிடமே கேட்டு மாற்றுங்கள். ‘செட்டிங்ஸ்’ பழகினவர்களுக்கு ‘அமைப்புகள்’ புதிதாக இருக்கும்.

டிவி ரிப்பேருக்கு நெட்டில் கஸ்டமர் கேர் நம்பர் தேடிக் கூப்பிட்டேன். ஒரு ஆப்பை இறக்கச் சொன்னார்கள். நல்லவேளை, மகள் தடுத்துவிட்டாள். இப்படியும் நடக்குமா? (நாகர்கோவில்)

நடக்கிறது அக்கா. உங்கள் மகளுக்கு என் நன்றி. நெட்டில் முதலில் வருகிற எண் கம்பெனியுடையதாக இருக்க வேண்டும் என்பதில்லை. வாரன்டி அட்டையில், சாமானின் பின்பக்க ஸ்டிக்கரில், அல்லது கம்பெனியின் சொந்த இணையதளத்தில் உள்ள எண்ணை மட்டும் கூப்பிடுங்கள். எனிடெஸ்க் போன்ற ஆப்பை இறக்கி அதில் தெரிகிற எண்ணைச் சொன்னால், உங்கள் போன் திரை அப்படியே அவர்களுக்குத் தெரியும். வேலை முடிந்ததும் வீட்டுக்கு வந்த மெக்கானிக் கேட்கிற, கம்பெனி அனுப்புகிற எண் வேறு. வங்கி அனுப்புகிற ஓடிபி வேறு. வங்கியின் பெயர் அந்த மெசேஜில் இருந்தால் கணவர் கேட்டாலும் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். கம்பெனியே சர்வீஸில் இழுத்தடித்தால் நுகர்வோர் உதவி எண் 1915.

எனக்குப் பார்வை மங்கல், எழுத்தும் அவ்வளவாகத் தெரியாது. கேஸ் விலைக்குப் பயந்து மகன் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கப் போகிறான். மேலே வெறும் கண்ணாடியாக இருக்கிறது, எங்கே தொடுவது என்று தெரியவில்லை. எது வாங்கலாம்? (பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதித் தந்தது, தேனி)

அம்மா, தொட்டால் வேலை செய்கிற கண்ணாடி மாடல் உங்களுக்கு வேண்டாம். ஈரக் கையோடு தொட்டால், கஞ்சி பொங்கி வழிந்தால் அது தாறுமாறாக வேலை செய்யும். அழுத்தினால் விரலுக்குத் தெரிகிற பட்டனோ, திருகுகிற குமிழோ உள்ள மாடல் விலை குறைவாகவே கிடைக்கும்.

கடைக்கு மகனோடு நீங்களும் போங்கள். வீட்டில் இருக்கிற ஒரு காந்தத்தையும் நீங்கள் சமைக்கிற பாத்திரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டினால்தான் அந்த அடுப்பில் சூடாகும். அலுமினியமும் செம்பும் ஒட்டாது. கடைக்காரத் தம்பி காட்டுகிறேன் என்று கை நீட்டினால், “நானே பார்க்கிறேன்” என்று சொல்லுங்கள். உங்கள் கையால் ஆன் பண்ணி, சூட்டைக் கூட்டி, குறைத்து, அணையுங்கள். நாலும் செய்ய வந்தால் வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் அணைக்கிற பட்டனுக்கு ஒரு பொட்டு வையுங்கள்.