சாமி கும்பிடாதவர்கள் தர்மம் செய்ய மாட்டார்களா?

"கடவுள் நம்பிக்கை இல்லாதவன் பத்து பைசா தரமாட்டான் என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எதைத் தர்மம் என்று எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. அமெரிக்கக் கணக்கெடுப்புகளில் பக்தர்கள்தான் அதிகம் கொடுப்பதாகத் தெரிகிறது. ஆனால் அதில் பெரும்பங்கு சர்ச்சுக்கே போகிறது: பாதிரியார் சம்பளம், கட்டடம், கரண்ட் பில். உண்டியலில் போட்ட நூறு ரூபாயையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கட்டிய ஃபீஸையும் ஒரே கணக்கில் எழுதுகிற மாதிரி.

கிவா என்ற தளத்தைப் பாருங்கள். 2005இல் தொடங்கியது. நாம் போடும் 25 டாலர் ஏதோ ஒரு நாட்டில் ஆடு வாங்கவோ பெட்டிக்கடை வைக்கவோ ஒருவருக்குக் கடனாகப் போகும். நமக்கு வட்டி கிடையாது; அசல் திரும்பியதும் அடுத்தவருக்குக் கொடுக்கலாம். அங்கே நாத்திகர் குழுவும் கிறிஸ்தவர் குழுவும் போட்டி போட்டுக் கடன் கொடுத்தன. பல வருடங்கள் மொத்தத் தொகையில் முன்னால் நின்றது நாத்திகர் குழுதான். திரும்பி வரும் பணம் தர்மமா என்றால், சரி, அதுவும் நியாயமான கேள்விதான்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பக்தர்களிடம் வாராவாரம் காணிக்கைத் தட்டு வருகிறது. நாத்திகரிடம் ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரும் வந்து கேட்பதில்லை.