விடியற்காலையில் செத்து மிதந்த கோய் மீன்கள்: நஞ்சா, மூச்சுத்திணறலா?

கேள்வி: மாதவரம் பால்பண்ணைப் பகுதியில், வீட்டின் பின்புறம் வண்ண மீன் வளர்த்துக் கொளத்தூர்க் கடைகளுக்குக் கொடுத்துவருகிறேன். பத்தடி நீளம், ஆறடி அகலம், மூன்றடி ஆழமுள்ள சிமென்ட் தொட்டியில் 40 கோய், 60 கோல்டு ஃபிஷ் வைத்திருந்தேன். மூன்று நாளாக வானம் மூடாப்பாக இருந்தது. மூன்றாம் நாள் மாலை தெருவில் கொசு மருந்துப் புகை அடித்தார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்குப் பார்த்தால் 11 கோய் செத்து மிதந்தன; எல்லாம் பெரிய மீன்கள். பதறிப்போய் போர்வெல் குழாயைத் தொட்டிக்குள் விட்டுத் தண்ணீரைத் திறந்தேன். ஒரு மணி நேரத்தில் இன்னும் நான்கு போயின. கோல்டு ஃபிஷ் ஒன்றுகூடச் சாகவில்லை. பக்கத்துத் தொட்டியில் கௌராமியும், திறந்த டப்பில் கப்பியும் நன்றாக இருக்கின்றன. பகலெல்லாம் ஏர் பம்ப் ஓடும். கரண்ட் பில்லுக்குப் பயந்து இரவில் நிறுத்திவிடுவேன். புகைதான் காரணமா? கௌராமியைக் கோய் தொட்டிக்கு மாற்றலாமா?

பதில்: புகையின் மேல் பழி போடாதீர்கள் ஐயா. கொசு மருந்து மீனுக்கு ஆகவே ஆகாது. உங்கள் சந்தேகத்தில் தவறில்லை. ஆனால் அது தண்ணீரில் இறங்கியிருந்தால், திறந்த டப்பில் இருந்த சிறிய கப்பிகள்தான் முதலில் போயிருக்கும். இங்கே பெரிய மீன்கள் முதலில் போயிருக்கின்றன, அதுவும் விடியும் வேளையில். இது மூச்சுத்திணறலின் கையெழுத்து. செத்த மீன்களின் வாய் அகலத் திறந்து, செவுள் மூடி விரிந்திருந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். இருந்திருக்கும்.

காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள்: பகலில் பம்ப் ஓடுகிறது, இரவில் நிற்கிறது. பகலில் அது தேவையே இல்லை என்றுகூடச் சொல்வேன். தொட்டித் தண்ணீர் பச்சையாகத்தானே இருக்கிறது? அந்தப் பாசி வெயிலில் ஆக்சிஜனைத் தயாரித்துக் கொடுக்கிறது. இருட்டியதும் அதே பாசி, மீனோடு போட்டியிட்டு ஆக்சிஜனை இழுக்கத் தொடங்குகிறது. அடியில் படிந்த கழிவும் எஞ்சிய தீவனமும் அழுகி, தம் பங்குக்கு எடுத்துக்கொள்கின்றன. இருப்பு மிகவும் குறைவது சூரியன் எழுவதற்குச் சற்று முன்புதான். மூடாப்பு நாட்களில் பகல் வரவே குறைவு. மூன்று நாள் அப்படி என்றால் கையிருப்பு கரைந்துவிடும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உங்கள் தொட்டி சுமார் 5,000 லிட்டர். சென்னை வெப்பத்தில், 30 டிகிரித் தண்ணீர் காற்றிலிருந்து ஏற்று நிறைவாக வைத்திருக்கக்கூடிய ஆக்சிஜன் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான். நாம் சுவாசிக்கும் காற்றிலோ ஒரு லிட்டரில் 250 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. மீன் எவ்வளவு ஏழ்மையில் வாழ்கிறது பாருங்கள்! ஆக, மாலையில் தொட்டியின் மொத்த இருப்பு ஏறக்குறைய 37 கிராம். மீன்களின் மொத்த எடை 15 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு மணிக்கு 200 மில்லிகிராம் என்றால் 3 கிராம் போகும்; பன்னிரண்டு மணி நேரத்தில் 36 கிராம். பாசியின் பங்கை இன்னும் சேர்க்கவில்லை. மேற்பரப்பு வழியாகக் கொஞ்சம் காற்று இறங்கும் என்பதால்தான் இத்தனை நாள் தப்பித்தீர்கள்.

அந்த இரவில் மீனின் உடம்பில் என்ன நடந்திருக்கும்? லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே போனதும் தீனியில் நாட்டம் குறையும். செவுள் வேகமாக அடிக்கும். மூன்றுக்குக் கீழே போனால் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், ஏனென்றால் காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய மேல்படலத்தில்தான் கொஞ்சம் ஆக்சிஜன் மிச்சமிருக்கிறது. அதற்கும் கீழே போனால் இதயத் துடிப்பு மெதுவாகும். தசைகள் ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை எரித்து, அமிலம் சேரும். நமக்கும் அதே கதைதான்: மூளைக்கு ஆக்சிஜன் அடியோடு நின்றால் நான்கைந்து நிமிடங்களில் செல்கள் சாகத் தொடங்கிவிடும். 2021 கொரோனா அலையின்போது வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிய கருவி ஒன்று இருந்ததே, தண்ணீருக்கும் அப்படி ஒரு மீட்டர் உண்டு. விலை அதிகம் என்றால், மீன் கடையில் கிடைக்கும் சொட்டு மருந்துப் பரிசோதனைக் குப்பி போதும். அளப்பது அதிகாலை ஐந்து மணிக்கு இருக்கட்டும். மதியம் அளந்தால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

கோல்டு ஃபிஷ் பிழைத்ததில் வியப்பில்லை. குறைந்த ஆக்சிஜனைத் தாங்குவதில் அது கெட்டிக்காரன். குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் அறவே இல்லாதபோது உடலில் சேரும் அமிலத்தைச் சாராயமாக மாற்றிச் செவுள் வழியே வெளியேற்றிவிடும். (நம் ஊர் வெப்பத்தில் அந்த வித்தையை நம்பி மீன் வளர்க்க முடியாது.)

போர்வெல் தண்ணீர் விட்ட பிறகு நான்கு செத்தது உங்கள் கேள்வியிலேயே மிக வருத்தமான பகுதி. நிலத்தடி நீரில் ஆக்சிஜன் அநேகமாக இருக்காது. கரியமில வாயுவும் சில இடங்களில் இரும்பும் இருக்கும். குழாயைத் தொட்டிக்குள் அமிழ்த்தி விட்டதால் அது காற்றைத் தொடவே இல்லை. மூன்றடி உயரத்திலிருந்து, துளையிட்ட குழாய் வழியாகச் சிதறி விழும்படி விட்டிருக்க வேண்டும். லாரித் தண்ணீரோ குடிநீர்க் குழாய்த் தண்ணீரோ என்றால் குளோரின் செவுளை அரித்துவிடும். ஒரு நாளாவது திறந்து வைத்த பிறகே பயன்படுத்துங்கள்.

இன்றிரவு முதல் பம்ப் நேரத்தைத் தலைகீழாக்குங்கள்: இரவு ஒன்பதிலிருந்து காலை ஏழு வரை நிற்காமல் ஓடட்டும். மூடாப்பு நாளில் பகலிலும் ஓடட்டும். மின்தடைக்கு பேட்டரி பம்ப் ஒன்று கட்டாயம் வேண்டும். இந்தச் செலவில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது, ஒரு கோய் விலையில் அது வந்துவிடும். இரண்டு நாள் தீவனம் வேண்டாம். பிறகு மீன் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு, அதையும் காலையிலும் நண்பகலிலும் மட்டும். தின்ற மீனுக்கு ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்படும் என்பதால் மாலைத் தீனியே வேண்டாம். கொளத்தூருக்கு மீன் கட்டும்போது ஒரு நாள் பட்டினி போட்டு, ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு ஆக்சிஜன் என்று பையை நிரப்புகிறீர்களே, அதே நியாயம்தான்.

கையைத் தொட்டிக்குள் முழங்கை வரை நேராக இறக்குங்கள். முழங்கை நனைவதற்குள் உள்ளங்கை மறைந்துவிட்டால் பாசி மிஞ்சிவிட்டது என்று பொருள். கால்வாசித் தண்ணீரை மாற்றி, அடிக்கழிவை உறிஞ்சி எடுங்கள். பாசி கொல்லும் மருந்தை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். செத்த பாசி அழுகும்போது மீதி ஆக்சிஜனையும் தின்றுவிடும்.

அடுத்த முறை ஏதாவது செத்தால் செவுளைத் தூக்கிப் பாருங்கள். சாக்லேட் பழுப்பாக இருந்தால் வேறு கோளாறு: மீன் கழிவிலிருந்து உண்டாகும் நைட்ரைட் என்ற நச்சு ஏறி இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போயிருக்கும். அதற்கு ஆயிரம் லிட்டருக்கு ஒரு கிலோ கல்லுப்பு உதவும். பிழைத்த 25 கோயையும் இரண்டு வாரம் கவனியுங்கள். மூச்சுத்திணறிய மீனின் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும், துடுப்பு அழுகல் வரலாம்.

கௌராமியை மாற்ற வேண்டாம். அதன் தலைக்குள் காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பு இருப்பதால், கெட்டுப்போன தொட்டியிலும் தெம்பாக நீந்திக்கொண்டிருக்கும். தண்ணீர் கெட்டிருப்பதே உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். அதன் குஞ்சுகளுக்கு அந்த உறுப்பு வளரச் சில வாரங்கள் ஆகும். அதுவரை அந்தத் தொட்டியிலும் மெல்லிய காற்று இரவில் ஓடட்டும்.