வசனம் விளங்கவில்லை, வெடிச்சத்தம் மட்டும் விளங்குகிறது!

வாசகர் கேள்வி-பதில்: வீட்டு மின்சாதனங்கள்

இம்முறை தபால் பையில் பாதிக்கு மேல் ஹோம் தியேட்டர் கேள்விகள். பண்டிகைக் காலச் சலுகை விளம்பரங்களின் வேலையாக இருக்க வேண்டும். மிக்சி, வாஷிங் மெஷின்காரர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தீபாவளிக்கு 5.1 செட் ஒன்று வாங்கினோம். பாட்டும் சண்டையும் வந்தால் யன்னல் கண்ணாடி அதிர்கிறது. ஆட்கள் கதைப்பது மட்டும் விளங்குவதில்லை. ஒவ்வொரு வசனத்துக்கும் அம்மா "என்னவாம்?" என்று கேட்கிறா. சத்தத்தைக் கூட்டினால் அடுத்த காட்சியில் கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுகிறார். இதைக் கொடுத்துவிட்டு இன்னும் பெரிய செட் எடுப்போம் என்கிறார் கணவர்.
— வாசகி, வெள்ளவத்தை

கணவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள், தங்கச்சி. பெரிய செட் வந்தால் சண்டை இன்னும் பெரிதாகும். வசனம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

5.1 என்றால் ஐந்து ஸ்பீக்கர், பேஸ் சத்தத்துக்கென்று தனியாக ஒரு சப்வூஃபர். படத்தில் ஆட்கள் கதைப்பதில் பெரும்பகுதி டீவிக்குக் கீழே வைக்கும் நடு ஸ்பீக்கர் ஒன்றிலிருந்துதான் வரும். முதலில் அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். யாராவது கதைக்கிற காட்சியில் அதில் காதை வையுங்கள். சத்தமே இல்லையென்றால், அல்லது எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே சத்தம்தான் என்றால், உங்கள் டீவி வெறும் ஸ்டீரியோவைத்தான், அதாவது இடம், வலம் என்ற இரண்டு ஒலியைத்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறது. டீவியின் ஒலி செட்டிங்கில் 'பிசிஎம்' என்று இருப்பதை 'ஓட்டோ' அல்லது 'பாஸ்த்ரூ' ஆக்குங்கள். நெட்ஃபிளிக்ஸ் போன்றவற்றில் மொழி தெரிவுசெய்யும் இடத்தில் 5.1 என்று போட்டிருந்தால் அதை எடுங்கள். பாதிப் பேருக்குப் பிரச்சினை இத்தோடு முடிந்துவிடும்.

அடுத்தது அது இருக்கிற இடம். வெள்ளவத்தை ஃபிளட்களில் நான் காண்பது பெரும்பாலும் ஒரே காட்சிதான். கண்ணாடிக் கதவு போட்ட டீவி அலுமாரி, அதன் உள்தட்டில் கல்யாண அல்பத்துக்கும் பிள்ளைகளின் பரிசுக் கோப்பைகளுக்கும் பின்னால் நடு ஸ்பீக்கர். அந்தப் பொந்துக்குள்ளிருந்து எந்த நடிகர் கதைத்தாலும் குடத்துக்குள் கதைப்பது போலத்தான் இருக்கும். ஸ்பீக்கரைத் தட்டின் விளிம்புவரை முன்னுக்கு இழுங்கள். முன்பக்கத்துக்குக் கீழே அழிறப்பர் இரண்டை வைத்துக் கொஞ்சம் நிமிர்த்துங்கள்; அதன் முகம் அம்மா கதிரையில் இருக்கும்போது அவரின் காதைப் பார்க்க வேண்டும், முழங்காலை அல்ல. கோப்பைகளுக்கு வேறு இடம் தேடுங்கள்.

பிறகு அளவு. செட்டின் மெனுவில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனி அளவு இருக்கும். நடு ஸ்பீக்கரை மூன்று, நான்கு டெசிபெல் கூட்டுங்கள். சப்வூஃபரை அதேயளவு குறையுங்கள். 'நைட் மோட்' இருந்தால் இரவில் போடுங்கள். பெரிய சத்தத்தை அமுக்கி, சின்னச் சத்தத்தை உயர்த்தும். கடைக்காரர் இதைச் சொல்லித் தருவதில்லை, அவருக்கு அடுத்த பெட்டியை விற்க வேண்டும்.

கீழ்வீட்டுக்காரருக்காகச் சப்வூஃபரை மூலையிலிருந்து வெளியே எடுங்கள். மூலையில் வைத்தால் பேஸ் ஊதிப் பெருக்கும். கீழே தடித்த ரப்பர் பாய் போட்டால் தரைவழி இறங்கும் அதிர்வு குறையும். காற்றுவழி போகிற பேஸ் போகத்தான் செய்யும். இரவு பத்து மணிக்குப் பிறகு சப்வூஃபரை அணைத்துவிடுவதுதான் மரியாதை.

ஹோலின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். தட்டிய சத்தம் கணீரென்று இழுபட்டால், டைல்ஸ் தரையும் கொங்கிரீட் சுவரும் பெல்கனிக் கண்ணாடிக் கதவும் சேர்ந்து வசனத்தைக் குழப்புகின்றன. கண்ணாடிக்குத் தடித்த திரை, சோபாவுக்கு முன்னால் ஒரு கம்பளம். அலங்காரம் வேண்டாம் என்கிறவர்களும் இந்தக் கம்பளத்தை வாங்கித்தான் ஆக வேண்டும்.

மரைன் டிரைவ் பக்கம் இருப்பவர்களுக்கு ஒன்று கூடுதலாக. உப்புக்காற்று ஸ்பீக்கர் வயரின் நுனியைப் பச்சையாக்கிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை நுனியை ஒரு விரலளவு வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவி மாட்டுங்கள். இனிமேல் ஸ்பீக்கர் வாங்கினால், கூம்பைச் சுற்றியிருக்கும் வளையம் ரப்பரா என்று பார்த்து வாங்குங்கள். ஃபோம் வளையம் நம் ஈரக்காற்றில் சில ஆண்டுகளில் பிஸ்கட் தூளாகக் கொட்டிவிடும்.

இவ்வளவும் செய்து, அம்மா இன்னும் "என்னவாம்?" என்று கேட்டால், அப்போது கணவர் சொன்னபடி செய்யலாம். ஆனால் பெரிய செட் அல்ல. ஒரு நல்ல ரிசீவர் (ஸ்பீக்கர்களை இயக்கும் அம்ப் பெட்டி), ஒரே தொடரைச் சேர்ந்த மூன்று முன் ஸ்பீக்கர்கள். பின்னால் வைக்கும் இரண்டையும் சப்வூஃபரையும் அடுத்த போனசுக்கு விடுங்கள். பணத்தை முன்னால் போடுங்கள். நாம் படம் பார்ப்பது முன்பக்கத்தில்தான்.

கேள்வி: கடையில் 1200 வொட்ஸ் பிஎம்பிஓ என்று ஒரு செட். பக்கத்தில் 80 வொட்ஸ் ஆர்எம்எஸ் என்று ஒன்று, அது விலை கூட. எது நல்லது?
— மாணவர், பம்பலப்பிட்டி

80. ஆர்எம்எஸ் என்பது பெட்டி தொடர்ந்து தரக்கூடிய வொட்ஸ். பிஎம்பிஓ என்பது விற்பவர் நினைத்த எண். தம்பி, அடுத்த தடவை பெட்டியின் பின்பக்கத் தகட்டைப் பாருங்கள். அது எத்தனை வொட்ஸ் கரண்ட் இழுக்கும் என்று அங்கே இருக்கும். 60 வொட்ஸ் இழுக்கும் பெட்டி தொடர்ந்து 1200 வொட்ஸ் தர முடியுமா? அப்படி முடிந்தால் அதை நுரைச்சோலை மின்நிலையத்துக்கு அனுப்பலாம்.

இன்னொன்று. வொட்ஸை இரட்டிப்பாக்கினால் சத்தம் மூன்று டெசிபெல்தான் கூடும், காதுக்கு அது கொஞ்சம்தான். 'இரண்டு மடங்கு சத்தம்' என்று காது சொல்ல ஏறத்தாழப் பத்து மடங்கு வொட்ஸ் வேண்டும். ஸ்பீக்கர் விவரத்தில் 85 டெசிபெல், 88 டெசிபெல் என்று ஒரு எண் வரும், ஒரே வொட்ஸுக்கு அது எவ்வளவு சத்தம் தரும் என்பது. 88 உள்ளதை எடுத்தால் அம்ப்பை இரட்டிப்பாக்கியதற்குச் சமம், அதுவும் கரண்ட் பில் இல்லாமல்.

கேள்வி: ஜப்பானிலிருந்து வந்த பழைய ரிசீவர் ஒன்று மலிவாகக் கிடைத்தது. பெயர்பெற்ற கம்பனி, கீறல்கூட இல்லை. பிளக்கை மட்டும் மாற்றிப் பாவிக்கலாமா?
— வாசகர், தெஹிவளை

கடிதம் எனக்கு வந்து சேர்வதற்குள் மாட்டியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். பின்பக்கத் தகட்டில் '100 வோல்ட்' என்று இருக்கும். நம்முடையது 230. அந்தச் சின்னத் தட்டைக் கால் பிளக்கை அடப்டரில் செருகினால், ஃபியூஸ் போனால் உங்கள் அதிர்ஷ்டம், டிரான்ஸ்ஃபோமர் போனால் என் தொழில். இப்படிக் கருகிய பெட்டிகள் என் மேசைக்கு வந்துகொண்டேயிருக்கின்றன. திருத்துகிற செலவில் இன்னொன்று வாங்கலாம்.

இறக்கு டிரான்ஸ்ஃபோமர் வேண்டும்: 230ஐ 100 ஆக்குவது. 110 ஆக்குகிறதைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், விடாதீர்கள். ரிசீவரின் தகட்டில் 300 வொட்ஸ் என்று இருந்தால் 500 விஏ டிரான்ஸ்ஃபோமர் எடுங்கள். சரிமட்டமாக வாங்கினால் கொதிக்கும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் தேடலாம். கையில் தூக்கிப் பாருங்கள், பாரமில்லாததை வைத்துவிட்டு வாருங்கள்.

அப்புறம் மூன்று விஷயம். ஒன்று, பழைய ரிசீவர் வழியாக 4கே பெட்டியைக் கொடுத்தால் படம் கறுத்துப்போகலாம். படத்தைப் பிரதியெடுக்காமல் தடுக்கும் எச்டிசிபி 2.2 என்ற பூட்டுக்கு அதில் விடை இல்லை. கவலை வேண்டாம்: பெட்டியை நேரே டீவிக்குக் கொடுத்து, ஒலியை மட்டும் டீவியிலிருந்து ஏஆர்சி (எச்டிஎம்ஐ வயரிலேயே ஒலியைத் திருப்பி அனுப்பும் வசதி) வழியாகவோ ஒப்டிக்கல் வயரிலோ ரிசீவருக்கு எடுங்கள். இரண்டு, அறையின் ஒலியை அளக்கும் சின்ன மைக் அந்த மொடலுக்கென்றே வருவது. விற்றவரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள், ரிமோட்டையும் சேர்த்து. மூன்று, அதில் எஃப்எம் கேட்கலாம் என்று கனவு காணாதீர்கள். ஜப்பானில் எஃப்எம் 76இல் தொடங்கி 90, 95 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும். நம்முடையவை 88க்கும் 108க்கும் இடையில். காலையில் வீட்டில் வானொலி பாடியே ஆகவேண்டும் என்றால் பழைய ரேடியோவை எறிய வேண்டாம்.

கேள்வி: வாடகை வீடு, மேல்மாடி. சுவரில் ஓட்டை போட வீட்டுக்காரர் விடமாட்டார். கூரை அஸ்பெஸ்டஸ் சீட். அட்மோஸ் சவுண்ட்பார் வாங்கினால் மேலேயிருந்து சத்தம் வருமாமே?
— வாசகர், கொட்டாஞ்சேனை

வராது. அந்த பார் மேல்நோக்கி ஒலியை எறிந்து, கூரையில் பட்டுத் திரும்புவதை நம் காதுக்குத் தருகிறது. அதற்குத் தட்டையான கூரை வேண்டும், எட்டு அடியிலிருந்து பன்னிரண்டு அடிக்குள் இருந்தால் நல்லது. சரிவான சீட்டில் பட்ட ஒலி பக்கத்து வீட்டுக்குத்தான் போகும். மழை பெய்தால் மேலேயிருந்து எப்படியும் சத்தம் வருகிறதே, அது போதாதா?

வாடகை வீட்டுக்கு சவுண்ட்பார் நல்ல தெரிவுதான். ஆனால் அட்மோஸ் என்ற சொல்லுக்குக் கொடுக்கும் பணத்தை, தனி நடு ஸ்பீக்கர் உள்ள 3.1 பாருக்குக் கொடுங்கள். பின் ஸ்பீக்கரை வயர்லெஸ் என்பார்கள். ஒலிக்குத்தான் வயர் இல்லை, கரண்டுக்கு உண்டு. சோபாவுக்குப் பின்னால் பிளக் பொயின்ட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.

கேள்வி: தங்க முலாம் பூசிய எச்டிஎம்ஐ வயரில் படம் துல்லியமாக இருக்குமா?
— வாசகி, வத்தளை

இருக்காது. இலக்க முறையில் போகிற படம் வந்தால் முழுதாக வரும், வராவிட்டால் பொட்டுப் பொட்டாக மின்னும், இல்லையென்றால் கறுக்கும். தங்கம் துருவைத் தடுக்கும், அவ்வளவுதான். இரண்டு மீற்றருக்கு 'பிரீமியம் ஹை ஸ்பீட்' முத்திரையுள்ள சாதாரண வயர் போதும். பிள்ளைகள் 4கே 120இல் (நொடிக்கு 120 படம்) கேம் விளையாடினால் மட்டும் 'அல்ட்ரா ஹை ஸ்பீட்'.

வீடு கட்டுகிறீர்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் வயரின் விலையை விடுங்கள், சுவர் பூசுமுன் டீவி இடத்திலிருந்து ஸ்பீக்கர் வரும் இடங்களுக்கெல்லாம் பைப் புதைக்கச் சொல்லுங்கள். எச்டிஎம்ஐ தலை நுழையும் பருமன் வேண்டும். புரொஜெக்டருக்குப் பத்து மீற்றர் என்றால் ஃபைபர் எச்டிஎம்ஐ. அதற்கு முன்பக்கம் பின்பக்கம் உண்டு. மாற்றி இழுத்தால் மறுபடி இழுக்க வேண்டும்.

கேள்வி: போன இடிமழையில் டீவியின் எச்டிஎம்ஐ துளைகள் செத்துவிட்டன. பிளக்கைக் கழற்றித்தான் வைத்திருந்தேன். எப்படி?
— வாசகர், மட்டக்குளி

கரண்ட் பிளக்கைக் கழற்றினீர்கள், டிஷ் வயரைக் கழற்றினீர்களா? இடி கூரையிலுள்ள டிஷ் வழியாக இறங்கி, பெட்டிக்குள் போய், எச்டிஎம்ஐ வழியாக டீவிக்கும் ரிசீவருக்கும் போயிருக்கும். ரவுட்டரிலிருந்து வரும் நெட்வேர்க் வயரும் அப்படித்தான். மார்ச், ஏப்ரல் பின்னேரங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இருட்டிக்கொண்டு வந்தால் எல்லாவற்றையும் கழற்றுங்கள்.

சேர்ஜ் புரொடெக்டர் வாங்குவது சரிதான், எர்த் ஒழுங்காக இருந்தால் மட்டும். பழைய வீடுகளில் உருண்டைக்கால் பிளக் பொயின்டை 13 அம்பியருக்கு மாற்றியிருப்பார்கள்; மூன்றாவது துளைக்குப் பின்னால் வயரே இருக்காது. எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானையும் அமத்திப் பாருங்கள், விழ வேண்டும்.

கேள்வி: 2008இல் வாங்கிய டிவிடி ஹோம் தியேட்டர் பரணில் இருக்கிறது. புதுடீவிக்குப் பாவிக்கலாமா?
— வாசகர், மருதானை

பின்னால் ஒப்டிக்கல் துளை இருந்தால் தாராளமாக. சிவப்பு வெள்ளைத் துளை மட்டும்தான் என்றால் ஸ்டீரியோதான் போகும். ஐந்து ஸ்பீக்கரும் வாயைத் திறந்தாலும் 5.1 ஆகாது. ஸ்பீக்கரை மட்டும் கழற்றிப் புது ரிசீவரில் மாட்ட நினைக்காதீர்கள், அவை பெரும்பாலும் 3, 4 ஓம்; ஓம் குறைந்தால் கரண்ட் கூட இழுக்கும், ரிசீவர் சூடேறி அணையும். வயரையாவது எடுத்து வைக்கலாமா என்றால், அதுவும் நூல் பருமன்தான். பாட்டுக் கேட்கிற யாருக்காவது எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள், ரிமோட்டைத் தேடி எடுத்த பிறகு.