இருபது டாலர் அப்ரண்டிஸ்

கடிதம்:

சார், பிரிட்டிஷ்காரர் தாமஸ் பெரோனட் தாம்சன் பத்தி போன வாரம் ஒரு வரி எழுதியிருந்தீங்க. தேடிப் படிச்சேன். அடிமைகளுக்காக நின்ன கவர்னர், ஓமன்ல சிப்பாய்களைப் பலி குடுத்த கேப்டன், அப்புறம் எம்.பி. என் பையன் பேச்சுப்போட்டிக்கு இவரைத்தான் எடுக்கறான், மூணு நிமிஷம். இவர் ஹீரோவா வில்லனா? அந்த ஆர்கன் விஷயமும் சொல்லுங்க.

பதில்:

தம்பி, ஹீரோ வில்லனெல்லாம் தியேட்டரோட விட்டுட்டு வாங்க, பையன் தலையில ஏத்தாதீங்க. ஆர்கனா? கீபோர்டு வச்ச அந்த வாத்தியத்துல, ஒரு ஆக்டேவை, அதாவது ஒரு ஸ்தாயியை, நாப்பது சுரமாப் பிரிச்சு ஒண்ணு செஞ்சு வச்சார், அது இப்ப வேண்டாம்.

உங்க கடிதம் வந்தப்ப நான் "அப்ரண்டிஸ்"ங்கற ஒரு வார்த்தையைத்தான் மென்னுட்டு இருந்தேன். 1808-ல, இருபத்தஞ்சு வயசுல, அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் போராடின எம்.பி. வில்பர்ஃபோர்ஸ் சிபாரிசுல, மேற்கு ஆப்பிரிக்காவுல இருந்த பிரிட்டிஷ் காலனி சியரா லியோனுக்கு கவர்னரா போய் இறங்கறார் தாம்சன். அடிமை வியாபாரத்துக்குத் தடை வந்த புதுசு. பிடிபட்ட கப்பல்லேர்ந்து மீட்ட ஆப்பிரிக்கர்களை அங்க குடியேறினவங்ககிட்ட தலைக்கு இருபது டாலர் வாங்கிட்டு ஒப்படைச்சிருக்காங்க, அதுக்குப் பேரு அப்ரண்டிஸ், தொழில் கத்துக்கற ஆள்னு அர்த்தம். இது அடிமைத்தனமேதான்யான்னு மனுஷன் லண்டனுக்கு எழுதி எழுதி, அனுப்பி வச்சவங்களுக்கே தலைவலியாகி, பதவி போய் 1810-ல கப்பல் ஏறினார்.

எனக்கு ஏன் இது சுடுதுன்னா, பத்தொன்பது வயசுல நானும் ஒரு லேத் பட்டறையில அப்ரண்டிஸ். மூணு வருஷம் முழு ஷிப்ட், இரும்புச் சுருள் கிழிச்சு விரலெல்லாம் கோடு, பக்கத்து மெஷின் அண்ணனுக்கு சம்பளம், எனக்கு "உதவித்தொகை". ரெண்டும் ஒண்ணுன்னு சொல்ல வரல, சண்டைக்கு வராதீங்க. ஆனா "கத்துக்கற பையன்"னு சொல்லிட்டா வீட்லகூட கேள்வி கேக்க மாட்டாங்க, எங்கப்பாவே கேக்கல.

1820 ஜனவரியில பிரிட்டனுக்கும் அரபு ஷேக்குகளுக்கும் நடுவுல பாரசீக வளைகுடா ஒப்பந்தம். அரபி தெரிஞ்ச தாம்சன் கை அதுல உண்டு. 9-வது ஷரத்து, அடிமைகளைப் பிடிச்சு கப்பல்ல ஏத்தறது கொள்ளை, கடற்கொள்ளைன்னு நேராப் பேர் சொல்லுது. சபாஷ். அதே வருஷம் நவம்பர்ல அதே கடற்கொள்ளைப் பேரை ஓமன்ல இருந்த பனி பூ அலிங்கற பழங்குடிக் கூட்டத்து மேல ஒட்டி, கொஞ்சம் ஆளோட பாலைவனத்துக்குள்ள போய், கூட வந்த பம்பாய் சிப்பாய்கள்ல பாதிக்கு மேல வெட்டுப்பட்டு செத்தாங்க. பேர் வைக்கறதுல அவ்ளோ கறாரான ஆளுக்கு இந்தப் பேர் மட்டும் ஏன் உறுத்தல? பம்பாய்ல கோர்ட் மார்ஷல், அதான் ராணுவ விசாரணை, அவசரப்பட்டதுக்கு ஒரு கண்டனம், முடிஞ்சுது. 1868-ல ஜெனரலே ஆயிட்டார். 1857-ல இங்கிலாந்துல பிராட்ஃபோர்டு எம்.பி.யா இருந்து, சிப்பாய் கலகத்துக்கு இந்தியாவுல நடந்த பழிவாங்கலை எதிர்த்தாரே, அதை நீங்க கவனிக்கவே இல்ல, படிக்கறதுல என்னய்யா அவ்ளோ அவசரம்?

மூணு நிமிஷம்னா பையனை அந்த இருபது டாலரை மட்டும் பேசச் சொல்லுங்க. நல்லா பேசுவான்.