திருகோணமலைக் கிராமப்புறத்தில் மவுண்டன் பைக் சவாரிகளைத் திட்டமிடுவது எப்படி?

ஓகஸ்ட் விடுமுறைக்குப் பதினான்கு வயது மகனுடன் இங்கிலாந்திலிருந்து வருவதாகவும், நிலாவெளிப் பக்கம் தங்கி, அமைக்கப்பட்ட சைக்கிள் தடங்களைத் தவிர்த்து வயல், காடு, குளக்கரை என இயற்கையாக உள்ள பாதைகளில் மவுண்டன் பைக் ஓட்ட விரும்புவதாகவும், அந்தப் பாதைகளை எப்படித் தெரிவு செய்து நாட்களைத் திட்டமிடுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். திருகோணமலையில் வாழ்ந்து இந்தப் பாதைகளில் சைக்கிள் ஓட்டுகிறவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

இங்கே ஒரு பாதையைத் தெரிவு செய்யுமுன் முதலில் விசாரிக்க வேண்டியது, அதில் நாள்தோறும் யார் போய்வருகிறார்கள் என்பதைத்தான். வயலுக்குப் போகிறவர், பட்டி மாடு சாய்க்கிறவர், தோணிக்குப் போகிறவர், விறகு எடுக்கிறவர் என்று யாராவது அன்றாடம் பயன்படுத்தும் பாதையில் மோட்டார் சைக்கிள் சில்லின் தடமோ லான்ட்மாஸ்டர் என்னும் இருசில்லு உழவு இயந்திரத்தின் தடமோ புதிதாக இருக்கும். அத்தகைய பாதை எவ்வளவு கரடுமுரடாக இருந்தாலும் அதில் துணிந்து போகலாம். செய்மதிப் படத்தில் அழகான கோடாகத் தெரிந்து, நேரில் புல் மூடிக் கிடக்கும் பாதையை மனிதர் கைவிட்டிருக்கிறார்கள் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். பெரும்பாலும் அந்தக் காரணம் யானை. சில இடங்களில் காட்டுப்பன்றிக்காகச் சட்டவிரோதமாகக் கட்டிவைக்கும், தட்டுப்பட்டால் தானாக வெடிக்கும் கட்டுத்துவக்காகவும் இருக்கலாம். போர் நடந்த மாவட்டம் என்பதால், மிதிவெடி அகற்றும் பணிகள் பெருமளவு நடந்திருந்தாலும், மண்டையோட்டுக் குறியிட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் அதற்கு அப்பால் ஓர் அடிகூட வைக்கலாகாது. ஆகவே, பாதையை விட்டு விலகிப் புதருக்குள் இறக்கும் விளையாட்டை மகன் ஊரிலேயே விட்டுவிட்டு வருவது நல்லது.

இங்கிலாந்தில் 1968ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம் குதிரைப் பாதைகளில் சைக்கிள் ஓட்டும் உரிமையை உங்களுக்குத் தந்திருக்கிறது. வரைபடத்தில் அப்பாதை குறிக்கப்பட்டிருந்தால் யாரையும் கேட்காமல் போகலாம். அந்தப் பழக்கம் இங்கே உதவாது. ஒரே பாதை முதலில் பிரதேச சபையின் கிறவல் வீதியாகவும், பிறகு நீர்ப்பாசனத் திணைக்களத்தின் வாய்க்கால் கரையாகவும், அதன் பிறகு வனத் திணைக்களத்தின் ஒதுக்குக் காடாகவும் மாறும். மாறும் இடத்தில் பலகை இருக்குமென்று எதிர்பார்க்க முடியாது. ஒதுக்குக் காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். வாய்க்கால் கரையிலும் குளக்கட்டிலும் பொதுவாக யாரும் மறிப்பதில்லை. ஆனால் பெரிய குளங்களின் கட்டுகள் காவலுக்குரிய இடங்கள். கந்தளாய்க் குளக்கட்டு 1986 ஏப்ரல் 20ஆம் திகதி உடைந்து நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன மாவட்டம் இது. கட்டில் நிற்கும் காவலாளி திரும்பிப் போகச் சொன்னால், வாதாடாமல் திரும்புவதே முறை. துறைமுகத்தின் உட்கரையில் கடற்படை முகாம்கள் இருப்பதால் அந்தப் பக்கத்தைத் திட்டத்திலேயே சேர்க்காதீர்கள்.

வரைபடத்தைப் பொறுத்தவரை, நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 தாள்களில் சிறு குளங்களும் வாய்க்கால்களும் வண்டிப் பாதைகளும் ஓரளவு தெளிவாக இருக்கின்றன. அவற்றையும் செய்மதிப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செய்மதிப் படம் கோடையில் எடுக்கப்பட்டதா, மாரியில் எடுக்கப்பட்டதா என்பதைக் குளத்து நீரின் பரப்பை வைத்து அறியலாம். கோடைப் படத்தில் குளத்தின் அலைகரையில் பளிச்சென்று தெரியும் தடம் மார்கழியில் நீருக்குள் கிடக்கும். நீங்கள் வருவது ஓகஸ்ட் என்பதால் இந்தச் சிக்கல் குறைவு. எனினும் வரைபடத்தைப் பார்த்துத் தீர்மானித்த பாதையை முதல் நாள் மாலை அந்த ஊரின் தேநீர்க் கடையில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். வயற்பகுதியாயின், வயல்களையும் நீர்ப்பங்கீட்டையும் மேற்பார்க்கும் வட்டவிதானையார் யாரென்று விசாரித்துப் பேசினால் இன்னும் நல்லது, ஏனெனில் எந்த வாய்க்காலில் எப்போது தண்ணீர் திறப்பார்கள், எந்தக் கரை இடிந்திருக்கிறது, நேற்றிரவு எந்த வயலுக்குள் யானை இறங்கியது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். இந்தத் தகவலை எந்தச் செயலியும் தராது.

இனி நேரம். இங்கிலாந்தின் கோடையில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். இங்கே ஓகஸ்டில் ஏறத்தாழ ஆறேகாலுக்குச் சூரியன் மறைந்து, அரை மணி நேரத்துக்குள் நன்றாக இருட்டிவிடும். திருகோணமலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டரைப் பாகையில் இருப்பதால், மாதக் கடைசியில் நண்பகற் சூரியன் ஏறத்தாழ நேர் உச்சியில் நிற்கும். எனவே நாளொன்றில் உங்களுக்குக் கிடைப்பது காலை ஐந்தரை முதல் பத்து வரையான நேரமும், விரும்பினால் நான்கு மணிக்குப் பிறகு ஊருக்குள் ஓட்டக்கூடிய ஒரு மணி நேரமுந்தான். தார் வீதியில் மணிக்குப் பதினைந்து கிலோமீற்றர், கிறவலில் பத்து, மணலில் ஐந்து என்று கணக்கிட்டால், ஒரு காலைப்பொழுதுக்கு முப்பது கிலோமீற்றருக்கு மேல் போடாதீர்கள். இந்த மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று சூடானது, தொண்டையை வறட்டுவது. புறப்படும்போது அதற்கு எதிராக உள்நாட்டுப் பக்கம் போய், களைத்துத் திரும்பும்போது அது முதுகில் தள்ளுமாறு வட்டத்தை அமைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு மணிக்கு முக்கால் லீற்றர் தண்ணீராவது வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஜீவனி என்னும் நீரிழப்புக்கான உப்புத்தூள் பொதிகள் சிலவற்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சில மாலைகளில் இடிமழையும் வரும். மழைக்குப் பின் வயற்புறத்துக் களிமண் சில்லோடு சேர்ந்து சுற்றி, சைக்கிளைத் தோளில் சுமக்க வைத்துவிடும். அன்றைக்கும் மறுநாளுக்கும் மணற்பாங்கான கரையோரமே நல்லது.

யானையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஓகஸ்டில் நிலம் காய்ந்து சில்லு நன்றாக ஓடும் அதே காரணத்தால் காட்டுக்குள் நீர் வற்றி, யானைகள் குளங்களை நோக்கி வருகின்றன. கந்தளாய், தம்பலகாமம், முதலிக்குளம், திரியாய் ஆகிய பக்கங்கள் அனைத்திலும் இது பொருந்தும். அவை மாலை நான்கு மணிக்குப் பிறகு அலைகரைக்கு இறங்கி, விடியும்வரை நடமாடும். ஆகவே காட்டை ஒட்டிய சவாரியை, விவசாயிகள் வயலுக்கு இறங்கிவிட்டார்கள் என்று தெரிந்த பிறகு, அதாவது ஏழு மணியளவில் தொடங்குங்கள். மேலே சொன்ன ஐந்தரை மணி, ஊர்களுக்கு ஊடாகவும் கடற்கரைப் பக்கமாகவும் போகும் நாட்களுக்கு உரியது. பல ஊர்களில் மின்சார யானை வேலி இருக்கிறது. அந்த வேலிக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதை எப்போதும் அறிந்திருங்கள். வேலியைக் கடந்து காட்டுப் பக்கம் போகும் பாதை எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் அதைத் தொடராமல் விட்டுவிடுங்கள். வழியில் ஈரமான இலத்தியும் புதிதாக முறித்த கிளையும் கிடந்தால் அங்கேயே திரும்புங்கள். சைக்கிள் சத்தமின்றி வருவதால் யானையும் கரடியும் உங்களைக் கடைசி நொடியில்தான் உணரும். வளைவுகளில் பேசிக்கொண்டும் மணியடித்துக்கொண்டும் போவது அதனாற்றான். பாலைப்பழம் பழுக்கும் காலத்தில் பாலை மரத்தடியில் கரடி நிற்கும் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரிந்த விடயம். ஓகஸ்டில் அந்தக் காலம் பெரும்பாலும் முடிந்திருக்கும். சேறு படிந்த சைக்கிளைக் குளத்தில் இறக்கிக் கழுவ வேண்டாம், முதலை இருக்கும்.

முதல் சவாரியாக, நகரிலிருந்து அநுராதபுர வீதியில் கன்னியாவுக்குப் போய், வெந்நீர்க் கிணறுகள் ஏழையும் கூட்டம் வருமுன் பார்த்துவிட்டு, அங்கிருந்து வடக்கே பெரியகுளம் போவதைப் பரிந்துரைப்பேன். குளத்துக்கு அருகில் வெல்கம் விகாரை இருக்கிறது. சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்று, தமிழ்க் கல்வெட்டுகளைக் கொண்ட பௌத்தப் பள்ளி அது. மகனுக்கு வரலாற்றில் நாட்டம் இருக்கிறதோ இல்லையோ, தமிழ்ப் பௌத்தத்தின் இந்தச் சான்றைப் பார்க்காமல் அந்த வழியால் போவது சரியன்று என்பது என் எண்ணம். அங்கிருந்து கிழக்கே நிலாவெளி வீதியை நோக்கி இறங்கினால் தங்குமிடத்துக்கு வந்துவிடலாம். ஏற்றங்கள் சிறியவை. பொதுவாகவே இந்த மாவட்டத்தில் உயரத்தைத் தேடி வருகிறவர் ஏமாறுவார். இங்கே காலைச் சோதிப்பவை மணலும் வெயிலுந்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது தம்பலகாமம். கந்தளாய்க் குளத்து நீர் பாயும் அந்த வயல்வெளியில், வாய்க்கால் கரைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஆதிகோணநாயகர் கோயிலை நடுப்புள்ளியாக வைத்து எத்தனை வட்டங்களையும் வரைந்துகொள்ளலாம், களைத்தால் எந்த இடத்திலும் ஊருக்குள் திரும்பிவிடலாம். ஓகஸ்டில் சிறுபோக வெள்ளாமை முற்றி வெட்டு நெருங்கியிருக்கும். அறுவடை இயந்திரம் வந்தால் ஒற்றைக் கரையில் நீங்கள்தான் இறங்கி வழிவிட வேண்டும், வீதியில் காயப்போட்ட நெல்லின்மேல் சில்லை ஏற்றவும் கூடாது. நகரிலிருந்து இருபது கிலோமீற்றருக்கு மேல் இருப்பதால், சைக்கிள்களை வானில் ஏற்றிப் போய் அங்கிருந்து தொடங்குவது நல்லது. பெருவீதியில் கொழும்பு பஸ்களுடன் போட்டியிடுவதில் எந்தச் சுகமும் இல்லை.

வடக்கே இறக்கக்கண்டிப் பாலத்தைத் தாண்டிக் குச்சவெளி வரையான கரையோரத்தில், உப்பளங்களும் களப்பும் கடலும் மாறி மாறி வரும் நிலம் மிக அழகானது. ஆனால் காப்பற் வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் பாதைகள் எல்லாம் சொரி மணல். வற்றுப்பெருக்கில் ஈர மணல் இறுகியிருக்கும், அதில் ஓட்டலாம் என்று இங்கிலாந்துக் கடற்கரைப் பழக்கத்தில் எண்ணாதீர்கள். இங்கே வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால் அப்படி அகலமான இறுகிய மணற்பரப்பு வெளிப்படுவதில்லை. திரியாய் மலையையும் அதன்மேல் உள்ள பழைய தூபியையும் பார்க்க விரும்பினால், முற்பகலில் வானில் போய், மலையடிவாரத்து ஊருக்குள் மட்டும் ஓட்டித் திரும்புங்கள். மாவட்டத்தின் தெற்கே தொலைவில் உள்ள வெருகல் பக்கத்தை இம்முறை விட்டுவிடலாம்.

சைக்கிளைப் பற்றி ஒரு சொல். இரண்டே கால் அங்குல ரயரில் காற்றை இருபது முதல் இருபத்தைந்து பீஎஸ்ஐ வரை இறக்கினால் மணலில் ஓரளவு மிதக்கும். நெருஞ்சியும் உடைமுள்ளும் ரயரில் ஏறுவது தினசரி நிகழ்வு, ஆகவே ரியூப் இல்லாத ரயரில் அடைப்புத் திரவம் ஊற்றி வருவதே மேல். வெப்பத்தில் அது விரைவாக உலர்ந்துவிடும் என்பதால் மேலதிகமாக ஒரு போத்தல் வைத்திருங்கள். நகரத்துச் சைக்கிள் கடைகளில் 26 அங்குல ரியூப் எளிதாகக் கிடைக்கும், 29 அங்குலத்தை எதிர்பார்க்காதீர்கள். மெல்லிய பிரெஸ்டா வால்வு உள்ள சில்லுக்குக் கடைக்காரரின் பம் பொருந்தாது. சிறிய பித்தளை இணைப்பி ஒன்றை ஆளுக்கொன்று வைத்துக்கொண்டால் எந்த ஊரிலும் காற்றடிக்கலாம்.

பாம்புக்கடி என்றால், புடையனோ வேறெதுவோ என்று ஆராயாமல், கட்டுப் போடாமல், கடியுண்டவரை நடக்கவிடாமல் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். வயல்வெளியின் நடுவில் நின்றுகொண்டு வீதிப் பெயரைச் சொல்ல முடியாது என்பதால், புறப்படுமுன் அன்றைய வழியில் உள்ள குளங்களின் பெயர்களையும் அருகிலுள்ள கோயில், பள்ளிவாசல், பாடசாலை ஆகியவற்றின் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி, ஒரு பிரதியை மகனின் பையிலும் மற்றதைத் தங்குமிடத்திலும் வைத்துவிட்டு, எத்தனை மணிக்குள் திரும்பாவிட்டால் தேட வேண்டும் என்பதையும் அங்கே சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.