ஓல்ட் ஃபேஷண்ட்: தண்ணீரையும் அளந்து சேருங்கள்

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ஏற்காட்டில் ஒரு ரிசார்ட்டில் ஓல்ட் ஃபேஷண்ட் என்ற விஸ்கி காக்டெய்ல் குடித்தேன், ரொம்பப் பிடித்துவிட்டது. வீட்டில் செய்தால் முதல் மடக்கு நெருப்பாக எரிகிறது, கடைசி மடக்கு வெறும் சர்க்கரைத் தண்ணீர். பிட்டர்ஸும் கிடைக்கவில்லை. ஏற்காட்டுக் கமலா ஆரஞ்சுத் தோல் சரிப்படுமா?"

உங்கள் விஸ்கியில் குறை இல்லை. 1806-இல் அமெரிக்காவின் ஹட்சன் நகரத்துப் பத்திரிகை ஒன்று, 'காக்டெய்ல் என்றால் என்ன' என்று கேட்ட வாசகருக்குப் பதில் சொன்னது: சாராயம், சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் (மூலிகை, மசாலா ஊறிய கசப்புச் சாறு, சொட்டுக் கணக்கில் சேர்ப்பது). ஓல்ட் ஃபேஷண்ட் இன்றும் அதே நான்கு பொருள்தான். அதில் தண்ணீரை நாம் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ஐஸ் போட்டோம், அது கரையும்போது கரையட்டும் என்று விட்டுவிடுகிறோம். நீங்கள் சொல்லும் இரண்டு கோளாறும் அங்கிருந்துதான் வருகின்றன.

முதலில் சர்க்கரை. அது தண்ணீரில் கரையும், ஆல்கஹாலில் கரையாது. 42.8 சதவீத விஸ்கியில், அதுவும் ஐஸ் போட்டுச் சில்லிட்டபின், எவ்வளவு கலக்கினாலும் அடியில் மணல் மாதிரி தங்கிவிடும். அதனால் பாகாகச் சேருங்கள். சர்க்கரையும் தண்ணீரும் சம எடை, லேசான சூட்டில் கரைந்தால் போதும், கம்பிப் பதம் வேண்டாம். நான் வெல்லப் பாகுதான் சொல்வேன். செவ்வாய்ப்பேட்டை மண்டிப் பக்கம் வாங்கினால் பளிச்சென்று மஞ்சளாக இருப்பதை விட்டுவிட்டுக் கறுத்த வெல்லமாக எடுங்கள். கரைத்தபின் துணியில் வடிகட்டுங்கள், மண் இருக்கும். ஒரு கிளாஸுக்கு 5 மில்லி, அதாவது ஒரு டீஸ்பூன்.

அடுத்தது ஐஸ். இதில்தான் பொறுமை வேண்டும். டிரேயில் எடுக்கும் சின்னக் கட்டிகள் சித்திரை வெயிலில் கண் முன்னாலேயே கரைந்துவிடும். ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி, மேலே தட்டு மூடி, முந்தின இரவே ஃப்ரீசரில் வையுங்கள். மூடாவிட்டால் பக்கத்தில் இருக்கும் மீன் வாடை முழுக்க ஐஸுக்கு வந்துவிடும். எடுக்கும்போது டம்ளரின் வெளிப்புறத்தைக் குழாய்த் தண்ணீரில் காட்டினால் முழுக்கட்டியாக வழுக்கிக்கொண்டு வரும். நடுவில் வெள்ளையாக இருக்கும், ருசிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் உப்பு போர் தண்ணீரில் உறைய வைக்காதீர்கள், கேன் தண்ணீரே எடுங்கள்.

வேறொரு பாத்திரத்தில் 60 மில்லி விஸ்கி, பாகு, பிட்டர்ஸ் மூன்றையும் ஊற்றி, டிரே ஐஸைக் கை நிறையப் போட்டு அரை நிமிடம் கலக்குங்கள். எரிச்சலை அடக்கும் தண்ணீர் இங்கேதான் சேர்கிறது. நடுவில் ஒரு ஸ்பூன் எடுத்து ருசி பாருங்கள்: தொண்டையில் சுள்ளென்று இருந்தால் இன்னும் கொஞ்சம் கலக்க வேண்டும். பிறகு அந்தப் பெரிய கட்டி இருக்கும் கிளாஸில் வடித்துவிடுங்கள். பெரிய கட்டி மெதுவாகத்தான் கரையும், கடைசி மடக்கும் நீர்த்துப்போகாது.

விஸ்கியைப் பொறுத்தவரை பூர்பன் என்ற அமெரிக்க விஸ்கி என்றால் சுலபம். குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளத்தில் காய்ச்சி, உள்பக்கம் கரித்த புது ஓக் பீப்பாயில் வைப்பதால் வெனிலா வாசனையும் இனிப்பும் தானாகவே இருக்கும். அம்ருத், பால் ஜான் போன்ற நம் நாட்டு சிங்கிள் மால்ட்டும் (ஒரே ஆலையில் பார்லி மால்ட்டில் மட்டும் காய்ச்சும் விஸ்கி) நன்றாக வரும். புகை வாசனை அடிக்கும் ஸ்காட்ச்சை முதல் முயற்சிக்கு எடுக்க வேண்டாம்.

பிட்டர்ஸ் என்றால் பெரும்பாலும் ஆங்கஸ்டுரா என்ற பிராண்ட், பாட்டிலை இரண்டு மூன்று முறை உதறினால் போதும். கிடைக்காவிட்டால் ஏற்காடே வழி சொல்கிறது. அங்கே காபி, மிளகு, ஆரஞ்சு மூன்றும் ஒரே தோட்டத்தில் விளைகின்றன. சிக்கரி கலக்காத வறுத்த காபிக்கொட்டை ஒரு டேபிள்ஸ்பூன், ஐந்தாறு மிளகு, ஒரு ஏலக்காய், வெயிலில் காயவைத்த ஆரஞ்சுத் தோல் கொஞ்சம். எல்லாவற்றையும் ஒன்றிரண்டாகத் தட்டி 100 மில்லி வோட்காவில் நான்கைந்து நாள் ஊறவிட்டு வடிகட்டுங்கள். கிராம்பு போட ஆசைப்பட்டால் ஒன்றே ஒன்று, மறுநாளே எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பல்வலி மருந்து மாதிரி ஆகிவிடும். ஆங்கஸ்டுராவின் கசப்பு இதில் வராது, அதனால் கிளாஸுக்கு அரை டீஸ்பூன் சேருங்கள். எனக்கு வெல்லப் பாகோடு இந்தச் சேர்க்கைதான் அதிகம் பிடிக்கும்.

கமலாத் தோல் தாராளமாகச் சரிப்படும். ஆனால் அது மெல்லியது, தொளதொளவென்று கழன்றிருப்பதால் பீலரில் கிழியும். விறைப்பான பழமாகப் பார்த்து, கத்தியால் இரண்டு விரல் அகலத்துக்குக் கீறி எடுத்து, உள்பக்க வெள்ளை நாரைச் சுரண்டிவிடுங்கள். வெளிப்பக்கம் கிளாஸைப் பார்க்கும்படி பிடித்து ஒரே மடிப்பாக அழுத்தினால் எண்ணெய் பனித்தூவலாக மேலே படியும். சந்தேகமாக இருந்தால் முதலில் புறங்கையில் அழுத்திப் பாருங்கள், ஈரம் தெரியாவிட்டால் அந்தப் பழம் காய்ந்துவிட்டது.

ஒரு விஷயம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இந்த ஒரு கிளாஸில் சுமார் 20 கிராம் ஆல்கஹால் இருக்கிறது, இனிப்பில் அது நாக்குக்குத் தெரியாது. ஏற்காட்டில் செய்து குடித்தால் இரவு அங்கேயே தங்குங்கள். இருபது கொண்டை ஊசி வளைவையும் மறுநாள் காலையில் இறங்கிக்கொள்ளலாம்.